ஏழாம் வாய்பாடு

மாசி 8, புதன்

ஈசு சனிக்கிழமை காலையில் போய்விட்டாள். எழுதிவைக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்து, இன்றுதான் பேனையை எடுத்தேன்.

இரண்டு வருடம் பாரிசவாதத்தில் கிடந்தவள். பேச்சு முதல் நாளே போனது. வலக்கையும் வலக்காலும் பிறகு வரவேயில்லை. சனிக்கிழமை கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கரண்டி கடைவாயால் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி கொடுத்தேன். அதுவும் வழிந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

அவளுடைய தங்கை தேவியின் மூத்தவன் கொள்ளி வைத்தான். எங்கள் மகன் ரூபன் சுவிஸிலிருந்து வீடியோவில் பார்த்தான். அவனிடம் இருப்பது அகதிக்குக் கொடுக்கும் கடவுச்சீட்டு. அதை வைத்துக்கொண்டு எத்தனையோ நாட்டுக்குப் போகலாம், இலங்கைக்கு மட்டும் வரக்கூடாது. பாடப்புத்தகத்தில் இப்படி ஒரு விதி இருந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

மாசி 10, வெள்ளி

சனசமூக நிலையம் இரவல் தந்த கட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். கட்டில் இருந்த இடத்தில் தரை வெளிறிக் கிடக்கிறது.

வலத் தோள் உளைகிறது. கட்டிலைத் தூக்கியதால் இருக்கும். மழைக்காலத்தில் எப்போதும் உளையும் தோள்தான். ஈசு படுத்த பிறகும் இடக்கையால் எண்ணெய் தேய்த்துவிடுவாள். நான் கட்டிலுக்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அவளுக்கு எட்டும் இடம் அவ்வளவுதான்.

மாசி 12, ஞாயிறு

எட்டாம் நாள் கிரியை, எட்டுச் செலவு, நேற்று முடிந்தது. வீட்டில் இன்னும் ஆட்கள்.

பின்னேரம், முற்றத்து மாதுளையில் வெயில் சரியும் நேரத்தில், ரூபன் எடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எடுக்கும் நேரம் அது. பதினைந்து வருடமாக இந்தப் போனுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மணியடித்தால் நான் எடுப்பேன். "அப்பா, சுகமோ?" என்பான். "ஓம், இரு, அம்மாட்டக் குடுக்கிறன்" என்பேன். அதற்கு மேல் எனக்கு வேலையில்லை. ஈசு பேசுவாள், நான் பக்கத்தில் இருந்து பத்திரிகை வாசிப்பேன். அவன் என்ன கறி வைத்தான், பனி எவ்வளவு கொட்டியது எல்லாம் எனக்குத் தெரியவரும். நல்ல ஒழுங்கு. ஒருவர் கிணற்றில் அள்ள, ஒருவர் வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பிவிட, தோட்டம் முழுக்க நனையும் அல்லவா, அதுபோல.

இன்று தேவி எடுத்துப் பேசிவிட்டு என்னிடம் தந்தாள்.

"அப்பா, கல்வெட்டு நீங்கள்தானே எழுதுறீங்கள்?"

"வேற ஆர் எழுதிறது?"

"அதில என்ர கவிதை மூண்டைப் போடலாமோ? அம்மாவைப் பற்றி எழுதினது. பிழை இருந்தாத் திருத்திப் போடுங்கோ."

அவன் கவிதை எழுதுவான் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். ஈசுவுக்குத் தெரிந்திருக்குமோ?

மாசி 14, செவ்வாய்

எங்கள் பகுதியில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்று வருகிறவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு சிறு புத்தகமும் கொடுப்போம். கல்வெட்டு என்று பெயர். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள், பிறகு கணவன் புலம்பல், மக்கள் புலம்பல், உடன்பிறந்தோர் புலம்பல் என்று பாட்டுகள். எங்கள் ஊர் உரும்பிராயில் பாதி வீட்டுப் புலம்பல்கள் நான் எழுதியவை. தமிழ் படிப்பித்த வாத்தியாரிடம் வேறு எதைக் கேட்பார்கள்?

அச்சகத்து யோகேந்திரன் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன். இன்று பக்கக் கணக்குப் பேசப் போயிருந்தேன்.

"சேர், குறை நினையாதேங்கோ. உங்கட கணவன் புலம்பல் எல்லாம் என்ர கம்பியூட்டரில கிடக்கு. பேரை மட்டும் மாத்தினாக் காணும். உங்களுக்கு ஏன் கஷ்டம்?"

"டேய், அது மற்ற ஆக்களுக்கு எழுதினது."

"அதுதான் சேர், நல்லாப் பரீட்சித்துப் பாத்தது" என்றான்.

சிரித்துவிட்டேன். ஈசு போனபின் முதல் சிரிப்பு. சைக்கிளில் வரும்போது அது தப்போ என்று யோசித்தேன்.

மாசி 16, வியாழன்

கவிதைகள் போனில் வந்தன. கண்ணாடித் திரையில் எழுத்தைப் பார்ப்பது தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் இருக்கிறது. தாளில் பார்த்து எழுதிக்கொண்டேன். முதலாவதற்குப் பெயர் "பாலம்".

*மழை பெய்துகொண்டிருந்தது.
ஊர் முழுவதும் ஒரு பாலத்தில் நின்றது.
எனக்குக் காய்ச்சல்.
அம்மாவின் தோள் மட்டும்
நடந்துகொண்டிருந்தது.*

*ஏழொன்று ஏழு,
ஏழிரண்டு பதினான்கு.
எங்கோ விழுந்த குண்டுக்கும்
அடுத்த குண்டுக்கும் நடுவில்
அம்மா வாய்பாடு சொன்னாள்.
எண்பத்து நான்கு வந்ததும்
மறுபடி ஏழில் தொடங்கினாள்.*

தொண்ணூற்றைந்து ஐப்பசி. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த நாள். ரூபனுக்கு ஒன்பது வயது.

கவிதை நன்றாக வந்திருக்கிறது. "நடந்துகொண்டிருந்தது" என்ற சொல்லை அவன் வைத்த இடம் நல்ல இடம். வகுப்பில் போரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் "கொடிய யுத்தம்" என்று தொடங்குவார்கள். "கொடிய என்பதை வெட்டிப்போட்டு, அன்றைக்கு நீ காலில் என்ன போட்டிருந்தாய் என்று எழுது" என்பேன். இவன் அப்படித்தான் எழுதியிருக்கிறான். போர் என்ற சொல்லே இல்லை.

தகவலில் சிறு வேறுபாடுகள் உண்டு. அன்று ஈசு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் அரிசிச் சாக்கும் பாயும் தேவியின் கைக்குழந்தையும். ரூபனுக்குக் குளிரும் என்று தன்னுடைய கைத்தறிச் சீலையால் அவனைத் தலையோடு சுற்றிவிட்டிருந்தாள். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு அந்தச் சீலையின் மணம்தான் உலகம். வேறென்ன தெரியும்?

வகுப்பில் ஓர் உதாரணம் சொல்வேன். எரிவது எண்ணெயும் திரியும். ஆனால் விளக்கு எரிகிறது என்றுதான் சொல்கிறோம். அதில் பிழையில்லை.

விடுபட்ட ஓர் ஒற்றெழுத்தை மட்டும் போட்டேன்.

மாசி 18, சனி

சிவராத்திரி. துடக்கு வீடு, கோயிலுக்குப் போகக்கூடாது. பின்னேர மணி கேட்டது.

மாசி 19, ஞாயிறு

வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். தேவியும் காலையில் தன் வீட்டுக்குப் போனாள். பக்கத்து மானிப்பாய்தான். மூன்று நேரச் சாப்பாட்டையும் ஒரே அடுக்குச் சட்டியில் வைத்துவிட்டுப் போனாள்.

பின்னேரம் ரூபன் எடுத்தான்.

"அப்பா, சுகமோ?"

"ஓம், இரு, அம்மாட்டக் குடுக்கிறன்."

சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிற்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடி அறை வாசல்வரை நடந்துவிட்டேன். அங்கே வெளிறிய தரை.

போனில் அவனுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவன் உணவகத்துச் சமையலறையில் வேலை செய்கிறான்.

"சரி அப்பா. பிறகு எடுக்கிறன்" என்றான்.

பழக்கம்தான். முப்பத்தாறு வருடம் படிப்பித்தவன் ஓய்வுபெற்ற பிறகும் ஏழு மணிக்கு வெளிக்கிட்டு நிற்பதில்லையா? அதுபோல.

மாசி 21, செவ்வாய்

இரண்டாவது கவிதை. "ஞாயிற்றுக்கிழமைகள்".

*இந்த நாட்டில் ஞாயிறென்றால்
கடைகள் பூட்டியிருக்கும்.
தெருவும் பூட்டியதுபோல் கிடக்கும்.
எனக்குத் திறந்திருப்பது
ஒரேயொரு கேள்வி:
சாப்பிட்டியோ?
பேச்சு நின்ற பிறகும்
அம்மா அதை நிறுத்தவில்லை.*

புலம்பெயர்வைப் பற்றி எழுதுகிறவர்கள் பனியையும் பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். இவன் வைக்கவில்லை. பூட்டிய கடை போதுமாக இருக்கிறது. ஊரை விட்டு வந்த தனிமையை ஊரைச் சொல்லாமலே சொல்லிவிட்டான். இருபது புள்ளிக்குப் பதினெட்டுக் கொடுப்பேன்.

கடைசி இரண்டு வரியில்தான் நின்றுவிட்டேன். ஈசுவின் பேச்சு நின்றபின் போனை அவள் காதில் பிடிப்பேன். அவன் பேசுவான். அவள் கண்ணைப் பார்த்து நான் சொல்வேன், "அம்மா கேக்கிறா, சாப்பிட்டியோ எண்டு." "அம்மா சிரிக்கிறா." சில ஞாயிறுகளில் அவள் நித்திரையாய் இருப்பாள். அப்போதும் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் விழித்திருந்தால் அதைத்தானே கேட்பாள்?

ஆகவே கவிதை சரி.

மாசி 23, வியாழன்

தேவி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்தாள். மேசையில் கிடந்த தாள்களை எடுத்து வாசித்தாள். "பாலம்" முடியும்போது கண்ணாடியைக் கழற்றினாள்.

"அத்தான், இதென்ன? இவனைத் தூக்கினது நீங்களெல்லே?"

"சின்னப் பிள்ளை. காய்ச்சல். என்ன தெரியும்?"

"அக்கா சைக்கிள் உருட்டினவ. என்ர பிள்ளை அதிலதானே இருந்தவன், நான் பின்னால பிடிச்சுக்கொண்டு வந்தனான். எனக்குத் தெரியாதே?"

"சரி, இப்ப என்ன?"

"என்ன எண்டா? அக்காவுக்கு ஏழாம் வாய்பாடு எங்க தெரியும்! சந்தையில ஏழு தேங்காய் வாங்கினாலே விரலை மடக்கிற மனிசி."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு அழுதாள். நான் தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன்.

"மாத்திவிடுங்கோ அத்தான். அவனே திருத்தச் சொன்னவனெல்லே."

"அவன் சொன்னது எழுத்துப் பிழையை."

"அந்த நடையோட விழுந்த தோள் உங்களுக்கு. இண்டைக்கும் சேட்டுப் போட்டா ஒரு பக்கம் இறங்கி நிக்குது. அதையாவது ஒருக்கா அவனிட்டச் சொன்னீங்களோ?"

"இது அம்மான்ர கல்வெட்டு, தேவி. அதில அம்மான்ர தோள் இருக்கட்டும்."

"நல்ல வாத்தியார்" என்றாள். அடுக்குச் சட்டியை வாங்கிக்கொண்டு, படலையை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள்.

புட்டு நன்றாயிருந்தது. பாதியைக் காகத்துக்கு வைத்தேன்.

மாசி 26, ஞாயிறு

போன் வரவில்லை. ஆறு மணிபோல் ஒரு செய்தி வந்தது. "வேலை அப்பா. அடுத்த கிழமை."

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய உணவகமும் பூட்டென்று ஈசுவிடம் சொல்லியிருக்கிறான். போன ஞாயிறும் பாத்திரச் சத்தம் கேட்டதே. கூடுதல் வேலை இருக்கும். குளிர்நாட்டில் செலவு அதிகம்.

வெயில் மாதுளையைத் தாண்டி மதிலில் ஏறும்வரை விறாந்தையில் இருந்தேன். விறாந்தையில் காற்று நன்றாக வரும்.

மாசி 28, செவ்வாய்

மூன்றாவது கவிதைக்குப் பெயர் "பொய்".

*பள்ளிக்கூட விறாந்தையில்
ஐந்து குடும்பம், ஒரு பானை.
நான் சாப்பிட்டிட்டன் என்றாள்.
அவளுடைய தட்டு காய்ந்திருந்தது.
நான் தெரிந்துகொண்டே நம்பிய
முதல் பொய் அது.*

சாவகச்சேரியில் ஒரு பாடசாலையில் தங்கியிருந்த காலம். இதில் திருத்த ஒன்றுமில்லை. தகவலும் சரி. அந்தத் தட்டை நானும் பார்த்தேன்.

அம்மாவைப் பாடுகிறவர்கள் அன்பு என்ற சொல்லைச் சீனிபோல் அள்ளிப் போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். "அன்பின் திருவுருவே" என்று தொடங்கிய புலம்பல்கள் எத்தனை! யோகேந்திரன் சொன்னது நியாயம்தான், பெயரை மட்டும் மாற்றலாம். இந்தக் காய்ந்த தட்டை வேறு ஒரு வீட்டுக் கல்வெட்டில் போட முடியாது. அதுதான் வித்தியாசம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

கணவன் புலம்பலுக்கு உட்கார்ந்தேன். "அன்பின்" என்று எழுதி வெட்டினேன். "ஈசு" என்று எழுதினேன். வெட்டவில்லை. அதற்கு மேல் வரவில்லை.

பங்குனி 2, வியாழன்

அச்சகம் போனேன். கணவன் புலம்பலுக்கு ஒதுக்கிய பக்கம் வெறுமையாய் நின்றது.

"சேர், பழசில ஒண்டை எடுத்துப் போடட்டே?"

"வேண்டாம்."

"வெள்ளைப் பக்கம் விட்டா அச்சுப் பிழை எண்டு சொல்லுவினம், சேர். என்ர பேர் கெட்டிடும்."

கடைசியில் அவன் ஒரு குத்துவிளக்குப் படத்தை எடுத்துப் பக்கத்தின் நடுவில் வைத்தான். நன்றாகத்தான் இருந்தது.

"சேர், இந்தப் பாலம் கவிதை வாசிக்க ஐஞ்சாம் வகுப்பு ஞாபகம் வந்தது" என்றான் வாசலுக்கு வந்து. "நீங்களும் எண்பத்து நாலு வந்தா நிப்பாட்டாமல் திருப்பி ஏழில துவங்குவீங்கள். எங்களுக்கு மூச்சு வாங்கும்."

மழை இருட்டுகிறது, வெளிக்கிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மழை பெய்யவில்லை.

பங்குனி 6, திங்கள்

காலையில் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை. மதியம் வீட்டில் சாப்பாடு. தேவி எல்லோருக்கும் கல்வெட்டுக் கொடுத்தாள். ரூபன் வீடியோவில் வந்தான். முகம் மெலிந்திருக்கிறது. போனைச் சாமிப் படத்தட்டில் சாய்த்துவைத்து, தேவி அவனுக்காகக் கவிதைகளைச் சத்தமாக வாசித்தாள்.

பாதி வாசிக்கும்போது நான் எழும்பிப் பின்வளவுக்குப் போனேன். வாழையிலைகள் அப்படியே கிடந்தன. அவற்றைப் பொறுக்க வேண்டியிருந்தது. உள்ளே தேவியின் குரல் வாசிக்கும் குரலாக இல்லாமல் பேசும் குரலாக மாறியது. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. "வாய்பாடு" என்றது மட்டும் கேட்டது.

நான் உள்ளே வரும்போது போன் அணைந்திருந்தது.

"லைன் அறுந்துபோட்டுது" என்றாள் தேவி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

பங்குனி 9, வியாழன்

வீடு கூட்டினேன். ஈசுவின் சீலைகளைத் தேவி கொண்டுபோனாள். ஒன்றை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன். தலையணைக்கு உறை தைக்கலாம் என்று சொன்னேன். சாப்பாடு கடைப் பாணும் வாழைப்பழமும். அடுப்பு மூட்டவில்லை. ஒருவனுக்காக மூட்டினால் விறகுக்கும் மரியாதையில்லை.

பங்குனி 10, வெள்ளி

பாண்.

பங்குனி 12, ஞாயிறு

மத்தியானத்திலிருந்தே போனைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்தேன். மாதுளைக்குத் தண்ணீர் விட்டேன். வெயில் மாதுளையில் சரிந்தது. தாண்டியது. மதிலில் ஏறியது.

கல்வெட்டு வேலையும் முடிந்தது. இனி அவன் எடுப்பதற்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா? இருந்த காரணம் கட்டிலோடு போய்விட்டது.

இந்த வீட்டிலிருந்து நாங்கள் அவனை அழைப்பதில்லை. ஊரிலிருந்து போன் வந்தால் அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு நெஞ்சு நின்றுவிடும். அழுகைச் செய்தி மட்டும்தான் இந்தப் பக்கத்திலிருந்து போகும். நான் கடைசியாக அழைத்தது ஈசு போன அன்று. ஆகவே அழைக்கக்கூடாது என்று இருந்தேன். வெயில் மதிலைவிட்டு இறங்கியபோது, தேவி காட்டித்தந்த பச்சைப் பொத்தானை அமத்திவிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தான்.

"அப்பா! என்ன? என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை."

"தேவிச் சித்திக்கு ஏதும்?"

"எல்லாரும் சுகம். ஒண்டுமில்லையடா."

"பிறகு ஏன் எடுத்தனீங்கள்?"

எனக்கும் அதுதான் தெரியவில்லை. வகுப்பில் கேள்விகேட்டு எழுப்பிவிட்ட பிள்ளைபோல் நின்றேன். கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சாப்பிட்டியோ எண்டு கேக்க."

அம்மா கேட்கிறாள் என்று சேர்த்துச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"நான்தான் கேக்கிறன்" என்றேன்.

"ஓம் அப்பா" என்றான். "சாப்பிட்டனான். சோறும் பருப்பும்." பிறகு கொஞ்சம் பொறுத்து, "அப்பா, அம்மாவுக்கு ஏழாம் வாய்பாடு தெரியுமோ?"

"ஏன் தெரியாது? வீட்டில நான் கத்தின கத்தில சுவருக்கே தெரியும்."

அவன் சிரித்தான். சிரிப்பு நடுவில் முறிந்தது. "எந்தத் தோள் அப்பா?" என்று கேட்டான்.

"வலது" என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்லத்தானே வேண்டும். "அம்மான்ர சீலையாலதான் உன்னைச் சுத்தியிருந்தது. கவிதையில பிழையில்லை."

இந்த முறை அவன் போனை வைக்கவில்லை. அங்கே மழை என்றான். இங்கே மாதுளை பூத்திருக்கிறது என்றேன். அது எந்த மரம், கிணற்றடியில் நிற்பதா என்று கேட்டான். இல்லை, முற்றத்தில், நீ போனபிறகு அம்மா வைத்தது என்றேன். எத்தனை பூ என்று கேட்டான். நான் போய் எண்ணிக்கொண்டு வந்து சொன்னேன்.

வைக்கும்போது கேட்டான். "நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

"ஓம், ஓம். நான் சாப்பிட்டிட்டன்."

போனை மேசையில் வைத்துவிட்டு, அரிசி களைந்து உலையில் போட்டேன்.